ஒன்பதில் ஒரு நாற்காலி காலியானால்

ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்ற நியமனம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஒரு நீதிபதி இடத்துக்கு ஏன் இத்தனை அமளி?

இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெற்றுவிடுகிறார். அங்கே வயது வரம்பே இல்லை. தாமாக விலகினால் உண்டு, இல்லையென்றால் உயிர் இருக்கும்வரை பதவிதான். கிளாரன்ஸ் தாமஸ் 1991-ல் 43 வயதில் உள்ளே வந்தார். அவரை நியமித்த அதிபர் மூத்த புஷ் அடுத்த தேர்தலிலேயே தோற்றுப் போனார். தாமஸோ 30 ஆண்டுகளுக்கு மேல் அதே நாற்காலியில் இருந்து கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை வழக்குகளில் ஓட்டுப் போட்டார்.

கேள்வி: 2016-ல் ஒபாமா முன்மொழிந்தவரை விசாரிக்கக்கூட மறுத்தார்களே, அது சட்டப்படி சரியா?

சட்டப்படி தடுக்க வழியில்லை என்பதுதான் விஷயம். அதிபர் முன்மொழிய வேண்டும், 100 பேர் கொண்ட மேலவையான செனட் சம்மதிக்க வேண்டும் என்று மட்டும் அரசியல் சாசனம் சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை.

2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஸ்காலியா டெக்சாஸில் ஒரு பண்ணை விடுதியில் இறந்து கிடந்தார். அன்றைக்கே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், அடுத்த அதிபர் வரும்வரை இந்த இடம் நிரப்பப்படக் கூடாது என்று அறிக்கை விட்டுவிட்டார். ஒபாமா யாரை நிறுத்தப் போகிறார் என்றே அப்போது தெரியாது! மார்ச் 16-ல் அவர் மெரிக் கார்லண்டை அறிவித்தார். வயது 63, மிதவாதி என்று பெயர் எடுத்தவர். குடியரசுக் கட்சிக்காரர்களுக்கும் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நியமனங்களை முதலில் விசாரிக்கும் செனட் நீதித்துறைக் குழுவில் இருந்த அக்கட்சியின் 11 பேரும் விசாரணையே கிடையாது என்று முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 2017 ஜனவரி 3-ல் அந்த முன்மொழிவு தானாகக் காலாவதியானது.

கேள்வி: அப்படியானால் 2020-ல் மட்டும் எப்படி?

செப்டம்பர் 18-ல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் காலமானார். அக்டோபர் 26-ல், அதிபர் டிரம்ப் அந்த இடத்துக்கு நிறுத்திய ஏமி கோனி பாரெட் செனட்டில் 52-48 என்று தேறிவிட்டார். தேர்தலுக்கு எட்டே நாள். கோடிக்கணக்கானோர் முன்கூட்டியே ஓட்டுப் போட்டும் முடித்திருந்தார்கள். 2016-ல் அதிபர் ஒரு கட்சி, செனட் வேறு கட்சி. இப்போது இரண்டும் ஒன்றே என்றார் மெக்கானல். ஒபாமாவிடமும் போதிய ஓட்டு இருந்திருந்தால் கார்லண்டும் நீதிபதிதான். என்னைக் கேட்டால், இதில் விதி என்று எதையும் தேட வேண்டாம். செனட்டில் தலைகளை எண்ணினால் போதும்.

கேள்வி: 60 ஓட்டு வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்ததே?

இருந்தது. வாக்கெடுப்புக்குப் போகுமுன் விவாதத்தை முடித்து வைக்க 60 பேர் வேண்டும். மற்ற நீதிபதி நியமனங்களுக்கு அந்த விதியை 2013-ல் ஜனநாயகக் கட்சி நீக்கியது. உச்ச நீதிமன்றத்துக்கும் சேர்த்து 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சி நீக்கியது. மறுநாளே, ஸ்காலியாவின் இடத்துக்கு டிரம்ப் நிறுத்திய கோர்சச் 54-45 என்று தேறினார். 1986-ல் இதே ஸ்காலியாவுக்கு 98-0 விழுந்தது என்பதை இன்று நம்புவதே கஷ்டம்.

கேள்வி: இடம் காலியாக இருக்கும்போது வழக்குகள் என்ன ஆகும்?

எட்டுப் பேர் நான்குக்கு நான்காகப் பிரிந்தால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும், முன்னுதாரணமும் ஆகாது. கீழ் நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்த ஒபாமாவின் குடியேற்றத் திட்டம் 2016 ஜூனில் அப்படித்தான் முடங்கியது. சுமார் 40 லட்சம் பேரைத் தொட்ட வழக்குக்கு வந்த தீர்ப்பு, நீதிபதிகள் சமமாகப் பிரிந்ததால் கீழ்த் தீர்ப்பு உறுதியாகிறது என்ற ஒற்றை வரி.

கேள்வி: நம்ம திருநெல்வேலிக்காரர் பெயரும் அடிபட்டதாமே?

ஸ்ரீ ஸ்ரீநிவாசன். பிறந்தது சண்டிகரில், குடும்பத்துக்குப் பூர்வீகம் மேலத்திருவேங்கடநாதபுரம். 2013-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97-0 என்று போனவர். 2016-ல் ஒபாமாவின் இறுதிப் பட்டியலில் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. கிடைத்திருந்தாலும் கார்லண்ட் கதிதான். 2020-ல் அதே கார்லண்டுக்கு அடுத்து அங்கே தலைமை நீதிபதியானார்.

கேள்வி: நீதிபதிகளே நேரம் பார்த்துத்தான் விலகுகிறார்களோ?

வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் பாருங்கள்: குடியரசுக் கட்சி அதிபர் நியமித்த நீதிபதி ஆண்டனி கென்னடி 2018-ல் டிரம்ப் காலத்தில் விலகினார். ஒபாமாவும் ஜனநாயகக் கட்சி செனட்டும் சேர்ந்திருந்தபோதே, 80 வயதைத் தாண்டியும், கின்ஸ்பர்க் விலகவில்லை. அதன் பலன் 2020-ல் தெரிந்தது: அவர் இடம் டிரம்ப் நிறுத்தியவருக்குப் போனது. நீதிபதி ஸ்டீபன் பிரேயர் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். செனட் சரிபாதியாக இருந்த 2022 ஜனவரியில் பைடனுக்கு எழுதிய விலகல் கடிதத்திலேயே, கோடை விடுமுறை தொடங்கும்போது விலகுவேன், ஆனால் தமக்கு அடுத்தவர் அதற்குள் உறுதியாகியிருந்தால் என்று ஒரு நிபந்தனையைச் செருகினார். ஏப்ரல் 7-ல் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் 53-47 என்று தேறினார். ஆனாலும் பிரேயர் ஜூன் 30 வரை இடத்தை விடவில்லை. ஜாக்சன் அதுவரை காத்திருந்தார்.