ஆழம் கூடக் கூட அழுத்தம்: அளந்து பார்த்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புனல் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, யு வடிவக் குழாயுடன் இணைத்தேன். புனலை நீரில் 10 செ.மீ. இறக்கினால், குழாயின் இரு கைகளில் உள்ள நிறம் கலந்த நீரின் மட்ட வித்தியாசம் 8 செ.மீ.தான் வருகிறது. ஏன்?

முதலில் கசிவு இருக்கிறதா பாருங்கள். புனலை அசைக்காமல் வைத்திருக்கும்போதே வித்தியாசம் மெல்லக் குறைந்தால், ஏதோ ஒரு இணைப்பில் காற்று போகிறது. அப்படிக் குறையவில்லை என்றால் காரணம் ரப்பர்தான். அது உட்பக்கம் வளைவதற்கே கொஞ்சம் அழுத்தம் போய்விடுகிறது, மீதிதான் குழாய்க்கு வருகிறது. இறுக்கிக் கட்டினால் இன்னும் குறையும்.

ரப்பரைக் கழற்றிவிட்டு, கண்ணாடிப் புனலை வாய் கீழே இருக்கும்படி நேராக இறக்குங்கள். நீர் புனலுக்குள் சற்று ஏறி நிற்கும். வெளி மட்டத்திலிருந்து அந்த உள் மட்டம் வரை உள்ளதுதான் ஆழம். புனலின் விளிம்பு வரை அளக்கக் கூடாது. இப்படி அளந்தால் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வரும், அதாவது சுமார் 981 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு).

கேள்வி: புனலைப் பக்கவாட்டில் திருப்பினால் அளவு மாறுமா?

மாறாது. இதற்கு மட்டும் ரப்பர் வேண்டும். அதன் நடுப்பகுதி அதே ஆழத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அகலமான தொட்டியில் நீர் அதிகம். அழுத்தமும் அதிகம்தானே?

இல்லை. ஆழமும் அடர்த்தியும் ஒன்றானால் அழுத்தமும் ஒன்றே. கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் இதை 1586-லேயே எழுதிவிட்டார்.

கேள்வி: பாட்டிலில் மூன்று துளை போட்டேன். அடித்துளை நீர்தான் அதிக தூரம் பாயும் என்று படித்தேன். எனக்கு நடுத்துளை நீர்தான் தூரம் போகிறது!

நீங்கள் பார்த்ததுதான் சரி. பல படங்களில் இது தப்பாகவே வரையப்பட்டிருக்கிறது, எனக்கு அது பெரிய வருத்தம். அடித்துளையில் நீர் வேகமாகத்தான் வெளியேறுகிறது. ஆனால் தரை பக்கத்திலேயே இருப்பதால், தூரம் போவதற்குள் விழுந்துவிடுகிறது. பாட்டில் தரையில் இருக்கும்போது, நீர் உயரத்தின் பாதியில் உள்ள துளைக்குத்தான் வெற்றி. பாட்டிலில் உள்ள நீரின் உயரத்துக்குக் குறையாத ஒரு மேடையில் அதை வைத்துப் பாருங்கள். அப்புறம் அடித்துளை நீர் முந்திவிடும்.

கேள்வி: உப்பு நீரில் அளந்தால் நல்ல நீரைவிட வித்தியாசமே தெரியவில்லையே?

கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ. 10 செ.மீ. ஆழத்தில் வித்தியாசம் 2.5 மி.மீ.தான், கண்ணுக்குத் தப்பிவிடும். 40 செ.மீ. ஆழத்துக்குப் போங்கள், 1 செ.மீ. கிடைக்கும். யு குழாயில் மட்டும் நல்ல நீரே இருக்கட்டும்.