தண்ணீருக்கு யார் பணம் தருவார்கள்?

வணக்கம். வரிப்பணத்தில் வைத்தியம் என்பது கட்டாய வசூல். மனமுவந்து கொடுப்பதுதானே அறம்? நண்பர்கள் சேர்ந்து சேலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் வாங்கித்தரப் போகிறோம். ஊருக்கு ஊர் இப்படி ஆட்கள் இருந்தால் அரசு எதற்கு?
ஒரு வாசகர், அம்மாபேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயமா அறமா என்ற வழக்கை விட்டுவிடுகிறேன். சிறுநீரகம் நின்றுபோனவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மெஷின் என்றீர்களே, சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

மெஷின் வாங்கித்தர ஆள் கிடைப்பார்கள், அதில் பெயர் போடலாம். தண்ணீருக்கு யார் தருவார்கள்? ஒரு தடவை டயாலிசிஸ் நான்கு மணி நேரம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவம் பெரும்பாலும் தண்ணீர்தான், நிமிடத்துக்கு 500 மில்லி ஓடினால் 120 லிட்டர். வாரம் மூன்று தடவைக்கு 360. அவ்வளவு தண்ணீருக்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். குடிக்கிற தண்ணீர் இதற்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினைக் கார்பன் ஃபில்டர், அதாவது கரி வடிகட்டி, பிடிக்காவிட்டால் சிவப்பணுக்கள் உடையும். போர் தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம் உப்பை சாஃப்ட்னர் என்ற கருவி எடுக்காவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: வாந்தி, தலைவலி, ரத்தக்கொதிப்பு. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் குளோரின் பார்க்க வேண்டும். கரி, ஆர்ஓ மெம்ப்ரேன் மாற்ற வேண்டும். குழாய்களில் கிருமி சேராமல் கழுவ வேண்டும். இதெல்லாம் தெரிந்த டெக்னீசியனுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். கரி மாற்றுவதற்கு யாரும் திறப்பு விழா வைப்பதில்லை. நன்கொடை வராத மாதத்திலும் நோயாளி வந்து படுத்தாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். இதை யோசிக்காமல் எப்படி அய்யா "அரசு எதற்கு" என்று எழுதுகிறீர்கள்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, டயாலிசிஸும் அதில் அடக்கம். அரசு ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டும் என்பீர்கள். உண்மைதான். அங்கே ஏன் தாமதம் என்று சண்டை போடலாம். தர்மம் கொடுத்தவரிடம் போட முடியுமா?

ஆனால் உங்கள் மனசு வீணாக வேண்டாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற நோயாளி டயாலிசிஸுக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து, அதே நாளில் திரும்ப ஏற வேண்டும். உடம்பிலிருந்து நீர் எடுத்ததால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும் கையால் பஸ் கம்பியைப் பிடிக்க முடியாது. ஒருவருக்கு, வாரம் மூன்று நாள், ஒரு வருஷத்துக்கு கார் ஏற்பாடு செய்யுங்கள். 156 நடை, முழுப் பணத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். டிரைவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள்: ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் பையை மாட்டவிடக் கூடாது, ரத்தம் கசிந்தால் வண்டியை ஓரங்கட்டி, பஞ்சின் மேல் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நிற்கும்வரை.