ஹெர்மிஸ் கப்பல் உறையா?

வணக்கம் ஐயா,

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 1942இல் எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து ஒரு மாலுமி அனுப்பியது என்று சொல்லி, ஒருவர் ஒரு கடித உறையை விலைக்குக் காட்டினார். கப்பல் பெயரோ தேதியோ எங்கும் இல்லை. இளம் பழுப்பில் ஒன்றரைப் பென்னி ராஜா முத்திரை. அதன்மேல் ‘போஸ்ட் ஆபீஸ் மாரிடைம் மெயில்’ (கடல் தபால்) சீல். கீழே தணிக்கை சீலும் யாரோ ஒருவரின் கிறுக்கலும். உள்ளே கடிதம் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். நம்பி வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் முத்திரை என்பதை நாங்கள் தபால்தலை என்போம். விடை அதிலேயே இருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ஒன்றரைப் பென்னி தலை 1937இல் வந்தபோது அடர்ந்த செம்பழுப்பு. போர்க்காலத்தில் மையை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு தலையாக நிறத்தை வெளிறவைத்தார்கள். ஒன்றரைப் பென்னியின் முறை வந்தது 1942 செப்டம்பர் 28. ஹெர்மிஸ் மூழ்கியதோ அதே ஆண்டு ஏப்ரல் 9. ஐந்து மாதம் கழித்து வந்த தலையை அந்தக் கப்பலில் யார் ஒட்டியிருக்க முடியும்?

வெயிலில் வெளுத்த பழைய தலையோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகவரி எழுதிய நீல மை கொஞ்சமும் மங்கவில்லை. தலை மட்டும் தனியாக வெளுக்காது.

சரி, எந்தக் கப்பல்தான்? மாரிடைம் மெயில் சீல் சொல்லாது. கப்பலும் துறைமுகமும் தெரியக்கூடாது என்றுதான் அப்படி ஒரு மொட்டை சீல். ஜெர்மன் கடற்படை உறை என்றால் வேலை சுலபம்: ‘எம்’ என்று தொடங்கும் ராணுவத் தபால் எண் இருக்கும், பட்டியலைப் புரட்டினால் கப்பல் தெரிந்துவிடும். இதில் மிஞ்சுவது அந்தக் கிறுக்கல் ஒன்றுதான். மாலுமிகளின் கடிதங்களைக் கப்பலிலேயே ஓர் அதிகாரி படித்து, சீல் அடித்து, ஒப்பமிட்டு அனுப்புவார். அதே ஒப்பம், உள்ளே கடிதத்தோடு கிடைக்கும் வேறொரு உறையில் இருந்தால், அந்தக் கடிதத்தில் கப்பல் பெயர் இருக்கிறதா பாருங்கள். பொறுமை வேண்டும்.

ஹெர்மிஸ்தான் வேண்டுமென்றால் கப்பலுக்குப் போன கடிதங்களைத் தேடுங்கள். வீட்டிலிருந்து எழுதியவர்கள் கப்பல் பெயரையும் லண்டன் பொதுத் தபால் நிலையத்தையும் முகவரியில் போட்டே அனுப்பினார்கள். வந்த கடிதத்தில் ரகசியம், போன கடிதத்தில் அப்பட்டம்!

உங்களிடம் காட்டியதும் நல்ல உறைதான். ‘ஏதோ ஒரு கப்பல்’ என்ற விலைக்குத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.