வீட்டுச் சமையலுக்கு விசில் குக்கர் போதுமா, மின்சார மல்டிகுக்கர் வாங்குவது நல்லதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டுமே உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அடுப்பில் வைக்கிற 5 லிட்டர் எவர்சில்வர் குக்கரை வாங்குங்கள்.

மல்டிகுக்கரில் சட்டென்று வெந்துவிடும் என்பது கடைக்காரர் பேச்சு. குறிப்பில் 20 நிமிடம் என்றிருந்தால், அழுத்தம் ஏறிய பிறகுதான் அந்தக் கணக்கு ஆரம்பம். ஏறவே பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஆவி தானாக அடங்க இன்னும் கொஞ்ச நேரம். தவிர, அடுப்புக் குக்கரில் அழுத்தம் 15 பிஎஸ்ஐ வரை போகும், உள்ளே சூடு 121 டிகிரி செல்சியஸ். மின்சாரக் குக்கர்கள் பல 10, 12 பிஎஸ்ஐயோடு நின்றுவிடும். முற்றிய ஆட்டிறைச்சி போட்டால் வித்தியாசம் தெரியும்.

மல்டிகுக்கர் உதவுவது வேறு இடத்தில். எங்கள் அத்தை பருப்பை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனால் லேசில் திரும்பமாட்டார். நேரம் முடிந்ததும் தானே சமைப்பதை நிறுத்திக்கொள்கிற சாமான்தான் அவருக்குச் சரி. ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் அப்படியே. (மைசூர்ப் பருப்புக்கு இரண்டுமே வேண்டாம், சாதாரணச் சட்டியே போதும்.)

அடுப்புக் குக்கரில் விசிலை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். தீ எவ்வளவு, உள்ளே தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்து விசில் முந்தும், பிந்தும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு நிமிடத்தைப் பாருங்கள். பருப்பு, கடலை என்றால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். புளியைப் பருப்பு வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொண்டு வேகாது.

மல்டிகுக்கரில் மெதுவாகச் சமைக்கிற ஒரு பொத்தான் இருக்கும். ராஜ்மாவை அதில் நேராகப் போடவே கூடாது. அரைவேக்காட்டில் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு அப்படியே இருந்து வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். பிரஷரில் முழுக்க வேகவைத்தால் பயமில்லை.

ரப்பர் வளையத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்திய பிராண்ட் குக்கருக்கு டவுனில் பாத்திரக் கடையிலேயே கிடைக்கிறது. மல்டிகுக்கருக்கு மாடலைப் பார்த்து ஷாப்பி என்ற ஆன்லைன் கடையில் ஆர்டர் போட வேண்டியிருக்கிறது. அந்த வளையத்தில் கறி வாசம் வேறு ஏறிக்கொள்ளும். பாயாசமும் மல்டிகுக்கரிலேயே வைப்பீர்கள் என்றால் இரண்டு வளையமாக வாங்கி வையுங்கள்.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால், வெறும் அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது. அடிப்பாகத்தைப் பார்த்து வாங்குங்கள்.