ஏ.பி. அமெரிக்க அரசாங்கப் பாடம்: வகுப்புக்கு முன் வழக்குகளை எப்படிப் படிப்பது?

ஏ.பி. (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் பாடம்) வகுப்பு தொடங்குமுன் அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்குகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை; ஆனால் பாடத்திட்டம் கட்டாயமாகப் பட்டியலிட்டுள்ள வழக்குகளில் நான்கைந்தையாவது இப்போதே நிதானமாகப் படித்துவிடுங்கள். தேர்வில் ஒரு கேள்வி, பட்டியலில் உள்ள வழக்கொன்றைப் பட்டியலில் இல்லாத இன்னொன்றோடு ஒப்பிடச் சொல்லும். அங்கே பெயரும் ஆண்டும் மட்டும் கைகொடுக்காது.

கிடியன் எதிர் வெய்ன்ரைட் (1963) வழக்கிலிருந்து தொடங்கலாம். புளோரிடாவில் ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்துப் புகுந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் கிடியன், தமக்கு வசதியில்லாததால் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர், சிறைத்தாளில் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவே உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தரும் வழக்கறிஞர் உரிமை, பதினான்காவது திருத்தத்தின் வழியாக மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறுவிசாரணையில் வழக்கறிஞர் துணையோடு அவர் விடுதலையானார். அந்த ‘வழியாக’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது: முதலில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்திய உரிமை, பதினான்காவது திருத்தத்தால் மாநிலங்களுக்கும் பொருந்துகிறது. அது பிடிபட்டால், துப்பாக்கி உரிமை பற்றிய மெக்டொனால்டு எதிர் சிகாகோ (2010) வழக்கும் பாதி புரிந்துவிடும்.

ஒவ்வொரு வழக்குக்கும் நடந்தது, தொடர்புடைய அரசியலமைப்புப் பிரிவு, தீர்ப்பு, அதற்கான காரணம் ஆகியவற்றைச் சொந்த நடையில் எழுதுங்கள். காரணத்துக்கே கூடுதல் இடம் கொடுங்கள். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று நிலைநாட்டிய மார்பரி எதிர் மேடிசன் (1803) தீர்ப்பின் நடை கடினமானது என்பதால் அதன் சுருக்கத்தை முதலில் படிப்பதே நல்லது. பழைய வழிகாட்டிகளில் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் வழக்கு இருக்கும். அதை ரத்து செய்த 2022 தீர்ப்புக்குப் பின் அது கட்டாயப் பட்டியலில் இல்லை.