பி.காம். மாணவருக்குச் சுற்றுச்சூழல் பாடம் எதற்கு?

கணக்கியல் படிக்க வியாசர்பாடிக் கல்லூரியில் சேர்ந்தால், தமிழும் ஆங்கிலமும் சுற்றுச்சூழலும் ஏன் கூடவே வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் ஐந்து பகுதிகள் கொண்டது. முதலிரண்டும் மொழி. மூன்றாவது உங்கள் முதன்மைப் பாடம். சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி போன்றவை நான்காவதில் வரும். ஐந்தாவது, நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி.

சுற்றுச்சூழல் பாடம் மட்டும் நீதிமன்றப் படியேறி வந்தது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் அதைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. 2003இல் மறுபடி வலியுறுத்த வேண்டியிருந்தது. பல வகுப்புகளில் இது நோட்ஸ் ஒப்பிப்பதாகச் சுருங்கிவிட்டது உண்மைதான். ஆனால் 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கருத்துப்போயின. மீனவரின் இழப்பைக் கணக்கிட்டால் வலைக்கு என்ன விலை, கடலுக்குப் போகாத நாட்களுக்கு எவ்வளவு, அடுத்த பருவத்து மீன்வரத்துக் குறைவை எந்தத் தலைப்பில் எழுதுவது? இவை கணக்கியல் மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம்.

இன்னொன்று: நான்காம் பகுதியில் ஒரு அரியர் நின்றாலும் பட்டம் கைக்கு வராது.