மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிக்கு என்ன ஆச்சு?

நீங்கள் சொன்னதன் சுருக்கம் இது: வாரத்துக்கு ஒரு நாள் பக்கத்தில் எங்காவது போய்விட்டு வருவதோடு சரி, மற்ற நாளெல்லாம் கார் நிற்கிறது. பேட்டரி மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் இருக்கிறது. அப்புறம் ஏன் வண்டி கிளம்பவில்லை?

12 வோல்ட் காட்டும் கார் பேட்டரி ஏறக்குறைய காலி. உள்ளே ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் கொடுக்கும், ஆக மொத்தம் 12.6. நல்ல பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். சுமார் 0.6 வோல்ட்டுக்குள் முக்கால் பேட்டரி அடங்கிவிடுகிறது. முள் அசையும் பழைய மீட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். வண்டியை நிறுத்திய கையோடு அளந்தாலும் எண் கூடுதலாகத்தான் வரும். சில மணி நேரம் விட்டு, முடிந்தால் மறுநாள் காலையில் கதவைக்கூடத் திறப்பதற்கு முன், அளப்பது நல்லது.

சரி, அந்த முக்கால் பங்கு எங்கே போனது? செல்ஃப் மோட்டார்தான் குடித்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகும்போது 200 ஆம்பியர் மூன்று விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு 0.17 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர்-மணி). 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது தூசு. ஆனால் வண்டி பூட்டி நிற்கும்போதும் அலாரம், ரிமோட் லாக், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பொதுவாக 50 மில்லி ஆம்பியர் வரை போவதை இயல்பு என்பார்கள். அந்த இயல்பே ஒரு வாரத்தில் 8.4 ஆம்பியர்-மணி ஆகிவிடுகிறது, அதாவது பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆக, செல்ஃபை விட பார்க்கிங்தான் பெரிய செலவு. டேஷ்கேமை பார்க்கிங் மோடில் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வாரம் ஒரு முறை ஓட்டும்போது அது நிரம்பிவிடாதா என்றால், நிரம்பாது. ஈய-அமில பேட்டரியின் குணம் அப்படி. காலியாக இருக்கும்போது மளமளவென்று ஏற்றிக்கொள்ளும், எண்பது சதவீதத்தைத் தாண்டியதும் மின்சாரத்தை வாங்கவே தயங்கும். கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இருபது நிமிட ஓட்டம் போனதில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தரும். நின்ற இடத்திலேயே என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடுபவர்களும் உண்டு. ஐட்லிங்கில், என்ஜின் சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கொடுக்கும், அதிலும் ஏசி ஃபேனும் விளக்கும் பங்கு கேட்கும். பெட்ரோல் செலவானதுதான் மிச்சம்.

இப்படி அரைகுறை சார்ஜிலேயே கிடப்பதுதான் பேட்டரியை உண்மையில் கொல்கிறது. மின்சாரம் எடுக்க எடுக்க, தட்டுகளில் உள்ள ஈயமும் அமிலமும் சேர்ந்து லெட் சல்ஃபேட் ஆகின்றன, அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும், ஆனால் உடனுக்குடன் ஏற்றினால்தான். உப்புத் தண்ணீர் வாளியை அன்றன்று கழுவினால் போய்விடும் வெள்ளைப் படலம், மாதக்கணக்கில் விட்டால் தேய்த்தாலும் போகாத காறையாகிவிடும் இல்லையா, தட்டிலும் அதேதான். இறுகிப்போன சல்ஃபேட் மறுபடி கரையாது, அந்த இடம் வேலைக்கு ஆகாது. உங்கள் பேட்டரி ஒரே நாளில் போகவில்லை, பல மாதமாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

வெயிலும் ஒரு எதிரி. சூடு கூடக்கூட உள்ளே அரிமானம் வேகமாக நடக்கும். குளிர் இடத்தில் ஸ்டார்ட் ஆகாதபோதுதான் தெரியவரும் என்றாலும், பெரும்பாலும் சேதம் நடந்தது அதற்கு முந்தைய கோடையில்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் வெளிச் சார்ஜர் வைத்து முழுமையாக ஏற்றுங்கள். பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் போதும், 45க்கு நாலு நாலரை ஆம்பியர். தானே நின்றுகொள்ளும் ஸ்மார்ட் சார்ஜராக இருந்தால் இரவு முழுக்க விடலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், எனவே காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. பிறகு சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். 12.5க்கு மேல் நின்றால் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. முழு இரவு சார்ஜுக்குப் பிறகும் 10.5 பக்கத்தில் வந்து நின்றால் ஒரு செல் போய்விட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. இதோடு இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் நம்ப வேண்டாம்.

என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் நலம். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் சார்ஜிங்கை ஏற்றி இறக்கும், அதனால் கொஞ்ச நேரம் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம்.

பேட்டரி தேறிவிட்டது, ஆனாலும் சார்ஜ் இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கதவையும் மூடி, பூட்டி, அரை மணி நேரமாவது காத்திருங்கள், அதுவரை வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்காது. அப்புறமும் 50 மில்லி ஆம்பியருக்கு மிக அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுக்கும்போது குறைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. வெளிக் கடையில் மாட்டிய ஸ்டீரியோவையும் அலாரத்தையும் முதலில் சந்தேகப்படுவது என் வழக்கம். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியை சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காயவிட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் தட்டுகள் மூழ்கும்படி டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், முழு சார்ஜ் ஆன பிறகு. ஆவியாவது தண்ணீர்தான், அதனால் ஆசிட் சேர்க்கவே கூடாது. குழாய்த் தண்ணீரும் வேண்டாம்.

மாற்றவே வேண்டிவந்தால், பெரிய பேட்டரியாகப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது தீர்வில்லை, காலியாக இன்னும் சில நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். சிக்னலில் தானே அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியாக இருந்தால் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும், சாதாரணம் சீக்கிரம் போய்விடும். பெரிய பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல ஸ்மார்ட் சார்ஜர் வாங்கி மாதம் ஒரு இரவு போட்டுவிடுங்கள் என்பேன். பார்க்கிங்கில் பிளக் வசதி இல்லையென்றால், வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். சில வாரம் வண்டியைத் தொடவே போவதில்லை என்றால், போவதற்கு முன் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் அழிந்துபோகும், சில வண்டிகளில் ரேடியோ ரகசிய எண் (code) கேட்கும், அதை மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.